பாய்லர் பற்றாத காலையில்...

மார்கழி மாதம், காலை ஐந்து மணி. ராத்திரி முழுக்க அடைமழை. கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்திருந்த கரி மூட்டை அடிவரை நனைந்து கிடக்கிறது. தேங்காய் மட்டையும் ஈரம். பாய்லருக்குள் காகிதத்தைக் கொளுத்திப் போட்டால் புகைதான் வருகிறதே தவிர, நெருப்பு பிடிக்கவில்லை. உள்ளே மாமனாருக்கு இருமல். பிரசவமாகி இருபது நாளான மருமகளுக்கு வெந்நீர் வேண்டும். ஏழரைக்குப் பள்ளிக்கூட வேன் வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் தப்பு நடக்கிறது. "பாய்லரை அப்படியே தூக்கி உள்ளே வெச்சிடலாம்" என்பார் ஒருத்தர். "அந்த ராடை எடு, பக்கெட்ல போடு" என்பார் இன்னொருத்தர். "அப்பவே ஒரு கேஸ் கீஸர் வாங்கியிருந்தா இந்தத் தொல்லை உண்டா?" என்பார் மூன்றாமவர். மூன்றுமே அவசரத்தில் எடுக்கிற முடிவு. மூன்றிலும் உயிருக்கு ஆபத்து ஒளிந்திருக்கிறது.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரி பாய்லர் வைத்திருக்கிற வீட்டுக்கு மாற்று ஏற்பாடு ஒன்று கட்டாயம் வேண்டும். அதை மழை கொட்டுகிற காலையில் தேடக் கூடாது. புரட்டாசியிலேயே நிதானமாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அப்போது 'எது மலிவு?' என்பது இரண்டாவது கேள்வி. 'இது கெட்டுப்போனால் எப்படிக் கெட்டுப்போகும்? அப்போது வீட்டில் யாருக்கு அடி விழும்?' என்பதுதான் முதல் கேள்வி.

பாய்லர் மேல் கோபமில்லை

நானும் பாய்லர் வெந்நீரில் குளித்து வளர்ந்தவள்தான். நடுவில் நெருப்புக் குழாய், சுற்றிலும் தண்ணீர், கீழே சாம்பல் விழ வழி, பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய். எவ்வளவு எளிமையான சாதனம்! கரண்ட் வேண்டாம். கொட்டாங்கச்சி, மட்டை, சுள்ளி, கரி, எது போட்டாலும் எரியும். ஒரு தடவை பற்ற வைத்தால் வீட்டில் நாலு பேர் குளித்துவிட்டுப் போகலாம்.

ஆனால் அதன் குறைகளையும் சொல்ல வேண்டும் இல்லையா? திறந்த கொல்லை இருந்தவரை புகை தன் வழியே போயிற்று. இப்போது கொல்லை சுருங்கிவிட்டது. பாய்லர் துவைக்கிற இடத்துக்கும், கம்பி போட்டுக் கண்ணாடி வைத்து மூடிய பால்கனிக்கும் வந்துவிட்டது. காலையில் குனிந்து நெருப்பை ஊதுகிறவருக்கு அந்தப் புகை நேராக நெஞ்சுக்குள் போகிறது. விறகுப் புகையை வருஷக்கணக்கில் சுவாசித்த பெண்களுக்கு, பீடி சிகரெட் தொடாமலே, தீராத இருமலும் மூச்சிறைப்பும் வருகிறது என்பது மருத்துவம் நிச்சயமாக அறிந்த உண்மை. வீட்டு அடுப்புப் புகையால் உலகம் முழுக்க 2020-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பாய்லர் புகை மட்டும் என்ன, வேறு ஜாதியா?

இன்னொரு கெட்ட பழக்கம். பால் கவர், பிளாஸ்டிக் பை, பழைய செருப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் 'சீக்கிரம் பத்திக்கும்' என்று பாய்லரில் போடுகிறோம். பிளாஸ்டிக் புகை விஷம். தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

எங்கள் அக்கா வீட்டில்...

தஞ்சாவூர்ப் பக்கம் என் அக்கா வீடு. அவள் பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஐப்பசி மழை விடாமல் பெய்ததால், பாய்லரைச் சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவில் இருந்த சின்ன அறைக்குக் கொண்டுவந்து, சாரல் அடிக்காமல் இருக்கத் தார்ப்பாயும் கட்டிவிட்டார்கள். குழந்தைக்குச் சாம்பிராணி போட அதே கரியில் கொஞ்சம் அள்ளித் தட்டில் வைத்து, பிள்ளை பெற்றவள் படுத்திருந்த அறைக்குள்ளும் கொண்டுபோயாயிற்று. அந்த அறையின் ஜன்னலும் சாத்தியிருந்தது. பச்சை உடம்புக்குக் காற்று ஆகாதாமே!

ஒன்பது மணிக்கு அக்காவுக்குத் தலைவலி. பெண்ணுக்குக் குமட்டல். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. "மழைக் காத்து ஒத்துக்கலை" என்று சுக்குக் கஷாயம் போட்டார்கள். நல்ல காலம், பக்கத்து வீட்டில் ரிட்டயரான நர்ஸம்மா ஒருவர் இருந்தார். எட்டிப் பார்த்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "யாருக்காவது ஜுரம் இருக்கா?"

"இல்லை."

"ஜுரம் இல்லாம எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலின்னா அது கிருமி இல்லம்மா, காத்துதான் கெட்டிருக்கு. முதல்ல கதவைத் திற. குழந்தையைத் தூக்கிட்டு வெளியே வா!"

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்று பேரும் பிழைத்தார்கள். அந்த அம்மா அன்றைக்கு ஊரில் இல்லாமல் இருந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

வாசனை இல்லாத விஷம்

அந்தக் கெட்ட காற்றின் பெயர் கார்பன் மோனாக்ஸைடு. கரியோ, விறகோ, சமையல் கேஸோ, போதிய காற்று இல்லாமல் எரிந்தால் இது உண்டாகும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. கண் எரியாது, இருமல் வராது. விறகுப் புகையாவது கண்ணைக் கரித்து 'வெளியே போ' என்று விரட்டும். கனிந்து சிவந்த கரியில் புகையே தெரியாது. 'புகை இல்லை, அதனால் பயமில்லை' என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அப்போதுதான் பயப்பட வேண்டும்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை இந்த வாயு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்தோடு பிடித்துக்கொள்கிறது. பஸ்ஸில் ஸீட்டெல்லாம் இது உட்கார்ந்துகொண்டால் ஆக்சிஜனுக்கு ஏது இடம்? முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். அப்புறம் குழப்பம், கால் தள்ளாட்டம், மயக்கம், மரணம். கர்ப்பிணிகள், வயிற்றுச் சிசு, கைக்குழந்தை, இதய நோயாளி, வயதானவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

இன்னொரு முக்கிய விஷயம். கோவிட் காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே ஆக்ஸிமீட்டர், அதை இந்த விஷயத்தில் நம்பக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தம் என்றே எண்ணி 97, 98 என்று காட்டிவிடும். அதனால் டாக்டரிடம் போனதும், "அறையில் கரி இருந்தது", "கேஸ் எரிந்துகொண்டிருந்தது" என்று நீங்களாகவே சொல்ல வேண்டும். வெறும் காற்றில் இந்த விஷம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். வித்தியாசத்தைப் பாருங்கள்!

ஊட்டி, கொடைக்கானலுக்குக் குளிருக்குப் போய், மூடிய அறைக்குள் கரி நெருப்பு வைத்துத் தூங்கி, எழுந்திருக்காமலே போனவர்களைப் பற்றிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். ஆகவே முதல் தீர்மானம்: மழையோ புயலோ, பாய்லர் வீட்டுக்குள் வரக் கூடாது. அதன் கரியும் படுக்கையறைக்குள் போகக் கூடாது.

சரி, மாற்று என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாட்டர் ஹீட்டர் ராடு

சில நூறு ரூபாய்தான். எல்லார் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கும். 1,500 வாட் ராடு ஒரு இருபது லிட்டர் பக்கெட் தண்ணீரை இருபது டிகிரி சூடேற்ற ஏறக்குறைய இருபது நிமிஷம் எடுத்துக்கொள்ளும். செலவு அரை யூனிட்டுக்கும் குறைவு. அதெல்லாம் சரி. ஆனால் தண்ணீரும் கரண்டும் ஈரக் கையும் ஒரே இடத்தில், அதுவும் அரைத் தூக்கத்தில்!

'சூடாச்சா?' என்று விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. ராடு பழசாகி, மேலே உப்புப் படிந்து, உறை விரிசல் விட்டிருந்தால் அந்த ஒரு விரல் போதும். தவழுகிற குழந்தை பக்கெட்டைப் பிடித்து எழுந்தால் கேட்கவே வேண்டாம். என் கருத்தில் ராடு என்பது கடைசிக் கை. வேறு வழியே இல்லாதபோது, பிளாஸ்டிக் பக்கெட்டில் மட்டும், கதவைச் சாத்திவிட்டுப் பயன்படுத்துங்கள். ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகுதான் தண்ணீரில் கை.

கேஸ் கீஸர்

'உடனே வெந்நீர், கரண்ட் பில் இல்லை' என்று ஆசை காட்டுகிற சாதனம் இது. குளியலறைக்குள்ளேயே மாட்டிவிடுகிறார்கள். அங்கேதான் வினை. நம் வீட்டுக் குளியலறை என்ன அளவு? நாலடிக்கு ஆறடி. மேலே ஒரு சின்ன ஜன்னல், அதையும் குளிர் காலத்தில் சாத்திவிடுவோம். நாம் சுவாசிக்கிற அதே காற்றைத்தான் கேஸ் கீஸரும் தின்கிறது. காற்று குறையக் குறைய, பாய்லர் கரி செய்த அதே வேலையை இதுவும் செய்யும்.

குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து, கை கால் வெட்டி இழுத்து, 'காக்கா வலிப்பு' என்று முத்திரை குத்தப்பட்டு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து, பிறகு விசாரித்தால் காரணம் கேஸ் கீஸர் என்று தெரிந்த சம்பவங்களை நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களிலேயே எழுதியிருக்கிறார்கள். குளியலறைக் கதவை உள்ளே தாழ் போட்டிருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். எத்தனை நிமிஷம் கழித்து வீட்டில் சந்தேகம் வரும்?

கட்டாயம் கேஸ் கீஸர்தான் என்றால், அது குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் இருக்க வேண்டும். குழாய் மட்டும் உள்ளே வரட்டும். அப்படி இடம் இல்லாத வீட்டுக்கு இது வேண்டாம். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

சோலார்

மொட்டை மாடி இருக்கிற சொந்த வீட்டுக்கு அருமையான ஏற்பாடு. நாலு பேர் குடும்பத்துக்கு நூறு லிட்டர் கொள்ளளவு போதும். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் நமக்கு வெயிலுக்கா பஞ்சம்?

ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது மாற்று ஏற்பாடு பற்றி. பாய்லர் எப்போது கைவிடுகிறது? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். சோலார் எப்போது கைவிடுகிறது? அதே ஐப்பசி, கார்த்திகையில், மேகம் மூடிய நாட்களில்! ஒரே காரணத்தால் ஒரே நாளில் இரண்டும் படுத்துவிட்டால், அதற்குப் பெயர் மாற்றா? சோலார் போடுங்கள், சந்தோஷம். ஆனால் அதைப் பாய்லரின் இடத்தில் போடுங்கள், பாய்லருக்குத் துணையாக அல்ல. அதற்கும் தனியாக ஒரு துணை வேண்டும்.

மின்சார கீஸர்

என் ஓட்டு இதற்குத்தான். நெருப்பு இல்லை, புகை இல்லை, விஷக் காற்று இல்லை. பதினைந்து லிட்டர் தொட்டி, 2,000 வாட். அறுபது டிகிரிக்கு ஏற சுமார் இருபது நிமிஷம், முக்கால் யூனிட்டுக்குள் செலவு. அந்தத் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் இரண்டு பக்கெட் தாராளமாக வரும். நாலு பேருக்கு இரண்டு தொட்டி. அதுவும் பாய்லர் பற்றாத நாளில் மட்டும்தானே? பில்லைக் கண்டு அலற வேண்டியதில்லை.

ஆனால் கீஸர் வாங்குகிற காசில் கொஞ்சம் எலெக்ட்ரீஷியனுக்கு ஒதுக்கி வையுங்கள். பழைய வீட்டு ஒயரிங்கில் கீஸரை மாட்டுவது பழைய வேட்டியில் அரிசி மூட்டை கட்டுகிற மாதிரி. தனி லைன், பதினாறு ஆம்பியர் பிளக், சரியான எர்த் வேண்டும். மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடுகிற ஆர்.சி.சி.பி. கருவியும் வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். அழுத்தம் கூடினால் திறந்து தண்ணீரை விடுகிற ஸேஃப்டி வால்வு சொட்டுகிறதே என்று அதை யாரும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். குளிக்கப் போகும் முன் ஸ்விட்சை அணைக்கிற நம் பழைய பழக்கம் நல்ல பழக்கம். விட்டுவிடாதீர்கள்.

கரண்டும் போனால்?

"புயல் வந்தா முதல்ல போறதே கரண்ட்தானே?" என்று நீங்கள் கேட்பது நியாயம். 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது சென்னையில் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா மாவட்டத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்தன. அப்போது கீஸர் சுவரில் தொங்குகிற அலங்காரப் பொருள்தான்.

அதற்கு ஒரு பைசா செலவில்லாத வழி உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. குளிக்க ஒரு பக்கெட் நிறையவா கொதிக்க வைக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்றாகக் கொதித்த நாலு லிட்டர் தண்ணீரைப் பதினாறு லிட்டர் பச்சைத் தண்ணீரில் கலந்தால் இருபது லிட்டர் பக்கெட் இதமான நாற்பது டிகிரிக்கு வந்துவிடும். ஸ்டவ்வில் பத்துப் பதினைந்து நிமிஷ வேலை. கேஸ் செலவு ஐம்பது கிராமுக்குள்.

ஆனால் சமையலறையிலிருந்து குளியலறைக்கு அந்தப் பாத்திரத்தைத் தூக்கிப் போகிற பத்தடி தூரம்தான் ஆபத்து. அகன்ற அண்டா வேண்டாம். மூடியும் கைப்பிடியும் உள்ள பாத்திரத்தில், முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாமல், பெரியவர் ஒருவர் எடுத்துப் போகட்டும். "வெந்நீர் வருது, நகருங்க!" என்று குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இந்த வரிசை மாறவே கூடாது. அறுபது டிகிரித் தண்ணீரே பெரியவர் தோலை ஐந்து விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். கொதிநீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கைக்குழந்தைக்கு 37, 38 டிகிரி போதும். முழங்கையை விட்டுப் பார்த்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. அதுதான் பதம்.

என் சிபாரிசு

ஆக, பாய்லர் வீட்டுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதல் துணை, ஒழுங்கான ஒயரிங்கோடு ஒரு சின்ன மின்சார கீஸர். கரண்டும் இல்லாவிட்டால் ஸ்டவ்வில் நாலு லிட்டர் தண்ணீர். ராடு, கடைசியாக, கவனமாக. குளியலறைக்குள் கேஸ் கீஸர், வீட்டுக்குள் கரி நெருப்பு, இரண்டும் எந்த நாளிலும் கிடையாது. வீட்டில் ஆறேழு பேர் இருக்கிறார்களா? பாய்லர் பற்றாத நாளில் எல்லாரும் வெந்நீரில்தான் குளித்தாக வேண்டும் என்றில்லை. குழந்தை, பிள்ளை பெற்றவள், நோயாளி, முதியவர், இவர்களுக்கு முதல் பங்கு. மற்றவர்கள் ஒரு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்தால் குடி முழுகிவிடாது!

அப்புறம், ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பாய்லர் அணைகிற காரணங்களில் மழையைச் சொன்னோம், கரியைச் சொன்னோம். பெரிய காரணத்தைச் சொல்லவில்லை. நாலரை மணிக்கு எழுந்து சாம்பல் அள்ளி, தண்ணீர் ஊற்றி, ஊதி ஊதிப் பற்ற வைக்கிறாரே, அந்த ஒருத்தர் படுத்துவிட்டால்? உங்கள் வீட்டு வெந்நீர் எரிவது கரியால் மட்டும் அல்ல, ஒரு பெண்ணின் மூச்சாலும்தான். அவருக்கு ஜுரம் வந்த அன்றைக்குத்தான் 'மாற்று ஏற்பாடு' என்ற நினைப்பே நமக்கு வருகிறது. இது நியாயமா?

அதனால் கடைசியாக ஒரு யோசனை. வரிசையைத் தலைகீழாக்கிப் பாருங்களேன்! தினசரிக்குக் கீஸரோ சோலாரோ இருக்கட்டும். கொல்லை திறந்திருக்கிற வீட்டில், கரண்ட் இல்லாத நாளுக்குப் பாய்லர் துணையாக இருக்கட்டும். காய்ந்த கரி ஒரு தகர டின்னில், மூடி போட்டு, மேடான இடத்தில் தயாராக இருக்கட்டும். பாய்லருக்கும் ஓய்வு, அதை ஊதுகிற நெஞ்சுக்கும் ஓய்வு.

ஒருவேளை இதெல்லாம் மீறி நடந்துவிட்டால்...

நெருப்போ கேஸோ எரிகிற இடத்தில் ஒருவருக்கு மேல் தலைவலி, குமட்டல், மயக்கம் என்றால் உடனே எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, நெருப்பை அணையுங்கள். மயங்கியவருக்கு வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். வெளியே வந்ததும் தலைவலி குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆக்சிஜன் வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள். கர்ப்பிணி என்றால் கேள்வியே இல்லை, கட்டாயம் போக வேண்டும்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். எழுந்து போய் உங்கள் பாய்லர் எங்கே இருக்கிறது, அதற்கு மேலே வானம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால், நாளைக் காலை அதைப் பற்ற வைக்கும் முன்பே இடத்தை மாற்றிவிடுங்கள்.